மூலிகைச் சக்கையும் கோடைத் தீவனமும்

நுழையும்முன்

மருந்து வடித்தபின் எஞ்சும் வேரும் பட்டையும் குப்பைக்குச் செல்கின்றன. கோடையிலோ கறவை மாடுகள் தீவனம் உண்ண இயலாமல் சோர்கின்றன. முன்னதைக் கொண்டு பின்னதற்குத் துணைசெய்யலாம் என்னும் எண்ணம் இன்று வலுப்பெற்று வருகிறது. அவ்வெண்ணத்தை எந்த அளவிற்கு ஏற்கலாம், எவ்விடத்தில் நிறுத்த வேண்டும் என்பதை ஆராய்கிறது இக்கருத்துரை.

சித்திரைத் திங்களின் பிற்பகுதி; நண்பகல் கடந்து இரண்டு மணி. தகரக் கூரை வேய்ந்த கொட்டிலில் கலப்பினக் கறவை மாடு ஒன்று படுக்காமல் நின்றுகொண்டே இருக்கிறது. வாய் சற்றே திறந்திருக்கிறது. உமிழ்நீர் இழையாக வடிகிறது. விலாப்பகுதி விரைந்து ஏறி இறங்குகிறது. காலையில் இட்ட தீவனம் பாதிக்கு மேல் தொட்டியிலேயே கிடக்கிறது. மாலையில் கறவைப் பாத்திரம் நிறைவதில்லை. பால் உற்பத்தியாளர் கூட்டுறவுச் சங்கங்களில் பாலின் அளவோடு அதிலுள்ள கொழுப்பையும் கொழுப்பில்லாத திடப்பொருளையும் கணக்கிட்டே விலை தரப்படுகிறது. கோடையில் அளவும் குறைகிறது, கொழுப்பும் குறைகிறது. இரண்டு மாடுகளை நம்பி வாழும் குடும்பத்திற்கு இது இரட்டை இழப்பு.

இந்நிலையைக் கால்நடை மருத்துவர்கள் வெப்ப அயர்ச்சி என்பர். மாட்டின் இயல்பான உடல்வெப்பம் ஏறத்தாழ 38.5 பாகை செல்சியஸ். சூழலின் வெப்பமும் காற்றின் ஈரப்பதமும் கூடும்போது உடலில் தோன்றும் வெப்பத்தை அதனால் வெளியேற்ற முடிவதில்லை. இவ்விரண்டையும் இணைத்துக் கணக்கிடும் வெப்ப ஈரப்பதக் குறியீடு 72ஐத் தாண்டினால் கறவை மாடு துன்புறத் தொடங்கும் என்பது நெடுங்காலமாகக் கொள்ளப்பட்டு வந்த அளவு. மிகுந்த பால் தரும் மாடுகளுக்கு 68 என்பதே எல்லை எனப் பின்வந்த ஆய்வுகள் திருத்தின. காற்றில் ஈரப்பதம் 70 விழுக்காடாக இருக்கும் ஒரு நாளில் வெப்பநிலை 25 பாகையாக இருந்தாலே இக்குறியீடு 74ஐ நெருங்கிவிடும். 30 பாகையானால் 81ஐத் தொடும். மனிதர் இதமான நாள் என்று கருதும் பொழுதிலும் மாடு வெம்மையால் வருந்திக்கொண்டிருக்கக்கூடும் என்பதையே இக்கணக்கு காட்டுகிறது. தமிழகத்தின் சமவெளிகளில் இச்சிக்கல் கத்திரி வெயிலோடு முடிந்துவிடுவதன்று.

காங்கேயம் மாடு இவ்வெப்பத்தை ஓரளவு தாங்கும். குட்டையான மயிரும், செறிந்த வியர்வைச் சுரப்பிகளும், அளவான பாலும் அதற்குத் துணைநிற்கின்றன. குளிர்நாட்டு இனக்கலப்பால் பிறந்த மாடு மிகுதியாகப் பால் தருகிறது. அதற்கேற்ப மிகுதியாக உண்கிறது. அதனால் உடலுக்குள் மிகுதியாக வெப்பமும் தோன்றுகிறது. எருமைக்கு வியர்வைச் சுரப்பிகள் குறைவு. கருந்தோல் வெயிலை உறிஞ்சும். ஆகவே அது குளத்தை நாடியது. குளங்கள் தூர்ந்த ஊர்களில் எருமைக்குப் போக்கிடம் இல்லை.

வெயிலில் உடலுக்குள் நிகழ்வது

மாடு உண்ணாததனால் பால் குறைகிறது என்பது பொதுவான எண்ணம். அது பாதி உண்மையே. அமெரிக்காவில் நிகழ்ந்த ஆய்வுகளில், வெப்பத்தில் வைக்கப்பட்ட மாடுகள் எவ்வளவு உண்டனவோ அதே அளவுத் தீவனம் குளிர்ந்த சூழலில் இருந்த மாடுகளுக்கும் கொடுக்கப்பட்டது. ஒரே அளவு உண்டும், வெப்பத்திலிருந்த மாடுகளின் பாலே மேலும் குறைந்தது. பால் குறைவில் ஏறத்தாழப் பாதிக்குத் தீவனக் குறைவு காரணம் அன்று என்பது இதனால் தெளிவாயிற்று.

எஞ்சிய பாதிக்குக் காரணம் உடலுக்குள் இருக்கிறது. வெப்பத்தை வெளியேற்றுவதற்காகக் குருதி தோலை நோக்கி மிகுதியாகப் பாய்கிறது. அப்பொழுது குடலுக்குச் செல்லும் குருதி குறைகிறது. போதிய ஆக்சிஜன் பெறாத குடற்சுவர் தளர்ந்து, நுண்ணுயிர்களின் நச்சுப்பொருள்கள் உடலுக்குள் கசிகின்றன. நோய் எதிர்ப்பு அணுக்கள் அவற்றோடு போரிடுகின்றன. பாலுக்குச் செல்ல வேண்டிய சர்க்கரையை அப்போர் எடுத்துக்கொள்கிறது. அதே வேளையில், வினைவேகம் மிக்க ஆக்சிஜன் மூலக்கூறுகள் அளவுக்கு மிஞ்சித் தோன்றி உயிரணுக்களைச் சேதப்படுத்துகின்றன. இளைப்பினால் கரியமில வாயு மிகுதியாக வெளியேறுவதால் குருதியின் காரநிலை மாறுகிறது. உமிழ்நீர் வீணாக வடிவதால் இரைப்பையின் புளிப்பு கூடுகிறது. கோழிக்கோ வியர்வைச் சுரப்பியே கிடையாது. அதுவும் இளைத்து இளைத்தே வெப்பத்தைத் தணிக்கிறது. அதனால் முட்டையின் ஓடு மெலிகிறது.

மூலிகைகளின் பக்கம் ஆய்வாளர்களின் கவனம் திரும்பியது இவ்விடத்திலேதான். தாவரங்களில் உள்ள பாலிபீனால் முதலான பொருள்கள் ஆக்சிஜனேற்றச் சேதத்தைக் குறைக்க வல்லவை. அவற்றுள் சில வீக்கத்தையும் அழற்சியையும் தணிப்பவை. ஆனால் மூலிகை விலைமிக்கது. மனிதருக்கு மருந்தாகும் அமுக்கராக் கிழங்கை வாங்கி மாட்டுத்தொட்டியில் கொட்ட எந்த உழவராலும் இயலாது. மருந்து வடித்தபின் எஞ்சும் சக்கை அவ்வாறன்று. அதனை அகற்றுவதற்கே ஆலைகள் பொருள் செலவிடுகின்றன.

சக்கை என்னும் சொல்

சக்கை என்ற உடனே பயனற்றது என்னும் பொருள் மனத்தில் எழுகிறது. தீவன வரலாறு அதனை ஏற்பதில்லை. எண்ணெய் ஆட்டியபின் எஞ்சிய சக்கைதான் பிண்ணாக்கு. அரிசி தீட்டியபோது உதிர்ந்ததே தவிடு. பருப்பு உடைத்ததில் மிஞ்சியது பொட்டு. சர்க்கரை ஆலையில் மிஞ்சியது கழிவுப்பாகு. அரிசி களைந்த நீரும் காய்கறித் தோலும் கழுநீர்த்தொட்டிக்குச் சென்றன. கறவை மாட்டின் உணவில் பெரும்பகுதி, மனிதர் தமக்கு வேண்டியதை எடுத்துக்கொண்டபின் விட்டுவைத்ததே. மூலிகைச் சக்கையும் இவ்வரிசையில் நிற்கத் தகுந்ததா என்பதே கேள்வி.

சித்த மருத்துவக் குடிநீர் செய்வோர் சரக்குகளை இடித்து நீரிலிட்டு, நான்கில் ஒன்றாகவோ எட்டில் ஒன்றாகவோ வற்றும்வரை காய்ச்சி வடிப்பர். நீரில் கரையக்கூடியவை வடிநீரில் இறங்கிவிடும். நார், மாவுப்பொருளில் ஒரு பகுதி, புரதத்தில் ஒரு பகுதி ஆகியவை சக்கையிலேயே தங்கும். நீரில் எளிதில் கரையாத மருந்துப்பொருள்களும் தங்கும். நிலவேம்பின் கசப்பிற்குக் காரணமான ஆண்ட்ரோகிராஃபோலைடு அத்தகையது. வடித்தபின்னும் நிலவேம்புச் சக்கை கசப்பதன் காரணம் இதுவே. நாரோடு பிணைந்து கிடக்கும் பாலிபீனால்களையும் கொதிநீர் முழுமையாக விடுவிப்பதில்லை. மாட்டின் முதல் இரைப்பையில் வாழும் நுண்ணுயிர்கள் நாரைச் சிதைக்கும்போது அவற்றில் ஒரு பங்கு விடுபடலாம். மனிதக் குடலுக்கு இல்லாத இவ்வாற்றலே, மனிதருக்குச் சக்கையானது மாட்டிற்கு உணவாகக்கூடும் என்னும் நம்பிக்கைக்கு அடிப்படை.

சீனாவில் மரபு மருந்து ஆலைகள் ஆண்டுதோறும் கோடிக்கணக்கான டன் சக்கையை வெளியேற்றுகின்றன. அவற்றை லாக்டிக் அமில நுண்ணுயிர்களையோ ஈஸ்டையோ கொண்டு புளிக்கவைத்து, ஆடு, மாடு, பன்றி, கோழி ஆகியவற்றிற்குக் கொடுத்துப் பார்க்கும் ஆய்வுகள் அங்கே பெருகியுள்ளன. இதற்கு மற்றொரு காரணமும் உண்டு. வளர்ச்சிக்காகத் தீவனத்தில் நுண்ணுயிர்க்கொல்லி மருந்துகளைக் கலப்பதை ஐரோப்பிய ஒன்றியம் 2006ஆம் ஆண்டிலும் சீனா 2020ஆம் ஆண்டிலும் தடைசெய்தன. அவ்விடத்தை நிரப்ப வேறொன்று தேவைப்பட்டது.

இவ்வாய்வுகளைப் படிப்போர் ஒரு வேறுபாட்டை மறக்கலாகாது. மலேரியாவிற்கு மருந்து தரும் ஆர்ட்டிமீசியா அன்னுவா என்னும் செடியை எடுத்துக்கொள்ளலாம். அம்மருந்தைக் கண்டறிந்த தூ யூயூ 2015ஆம் ஆண்டில் நோபல் பரிசு பெற்றார். உலர்ந்த இலையில் அம்மருந்துப்பொருள் ஏறத்தாழ நூற்றில் ஒரு பங்கே; எஞ்சியவை அனைத்தும் சக்கை. நொதியூட்டிப் பதப்படுத்திய இச்செடியை, வெப்பத்திற்கு ஆளான இறைச்சிக் கோழிகளுக்குக் கொடுத்தபோது ஆக்சிஜனேற்றச் சேதம் குறைந்ததாகச் சீன ஆய்வுகள் தெரிவிக்கின்றன. எனினும் அங்கே கொடுக்கப்பட்டது செடி, சக்கை அன்று. செடிக்குக் கிடைத்த நற்சான்றைச் சக்கைக்கும் சேர்த்து எழுதிக்கொள்வது முறையாகாது. மூலிகைத் தீவனம் என்னும் பெயரில் சந்தைக்கு வரும் பொருள்கள் பலவற்றின் விளம்பரம் இப்பிழையின்மீதே நிற்கிறது.

இயற்கை என்பதாலேயே தீங்கற்றதா?

மூலிகைதானே, என்ன செய்துவிடும் என்று கேட்போர் உளர். அவர்கள் எட்டிக்கொட்டையை நினைத்துப் பார்க்க வேண்டும். சேராங்கொட்டையும் ஊமத்தையும் நாபிக் கிழங்கும் மூலிகைகளே. சித்த மருத்துவர்கள் அவற்றைச் சுத்தி செய்த பின்னரே மருந்தில் சேர்ப்பர். நஞ்சை நீக்குவதற்கென்றே தனி முறைகளை வகுத்தனர். அவ்வளவு எச்சரிக்கையோடு கையாளப்பட்ட பொருள்களின் மிச்சம், ஆலையின் பின்புறத்தில் மற்றச் சக்கைகளோடு ஒரே குவியலாகக் கிடக்குமானால், அக்குவியலைத் தீவனம் என்று அழைக்க யாருக்கும் உரிமை இல்லை. பாதரசமும் பாடாணங்களும் புழங்கும் பற்பம், செந்தூரப் பிரிவுகளின் கழிவு அதனருகில்கூட வரலாகாது.

நஞ்சில்லாத மூலிகையும் மாட்டிற்குப் பொருந்தாமல் போகலாம். தென்மாவட்டக் கரிசல் நிலங்களில் விளையும் நிலாவரை மலமிளக்கி. வெயிலால் நீர் இழந்து நிற்கும் மாட்டிற்கு அதன் சக்கை மேலும் நீரிழப்பையே தரும். கடுக்காய்ச் சக்கையில் துவர்ப்புப் பொருள் மிகுதி. சிறிதளவில் அது நன்மை செய்யலாம். அளவு மிஞ்சினால் புரதத்தோடு பிணைந்து செரிமானத்தைத் தடுக்கும். தசமூலம் எனப்படும் பத்து வேர்களின் சக்கையில் பெரும்பகுதி மரநார். அதிலுள்ள லிக்னினை மாட்டின் வயிறும் செரிப்பதில்லை. கசப்பையும் துவர்ப்பையும் மாட்டைவிட ஆடு நன்கு தாங்கும். ஆகவே ஆட்டிற்கு ஏற்றது மாட்டிற்கும் ஏற்றது என்று கொள்வதற்கில்லை. கருப்பையைச் சுருங்கச் செய்யும் மூலிகைகள் சினைமாட்டிற்கு ஆகா. மூலிகைதோறும் சக்கை வேறு. ‘மூலிகைச் சக்கை’ என்ற ஒற்றைப் பொருள் உலகில் இல்லை.

இவை அனைத்தினும் பெரிய இடர் பூஞ்சணம். வடித்தெடுத்த சக்கையின் எடையில் பெரும்பங்கு நீர். வெப்பமும் ஈரமும் உள்ள இந்நாட்டில் ஓரிரு நாள் குவித்துவைத்தாலே அதில் பூஞ்சணம் படரத் தொடங்கும். சிலவகைப் பூஞ்சணங்கள் அஃப்ளடாக்சின் என்னும் நஞ்சைத் தோற்றுவிக்கின்றன. மாடு அதனை உண்டால் அதன் ஒரு பகுதி உருமாறிப் பாலில் கலக்கிறது. ஒரு கிலோ பாலில் அந்நஞ்சு 0.5 மைக்ரோகிராமிற்கு மேல் இருத்தல் கூடாது என்பது இந்தியாவில் நடைமுறையிலுள்ள வரம்பு. கொதிக்கவைத்தாலும் அந்நஞ்சு பாலை விட்டு அகல்வதில்லை. கொட்டிலில் நேரும் பிழை அங்கேயே நின்றுவிடாமல் பச்சிளம் குழந்தையின் பால்குவளை வரை செல்கிறது.

ஈரோட்டு மஞ்சளிலிருந்து நிறமிப்பொருளைப் பிரிக்கும் ஆலைகளின் சக்கை வேறுவகை. அங்கே பிரிப்பதற்கு நீர் உதவாது. வேதிக் கரைப்பான்கள் பயன்படுகின்றன. எஞ்சும் சக்கையில் மாவுப்பொருள் மிகுதி என்பதால் அது தீவனத்திற்குத் தகுந்ததாகவே தோன்றும். கரைப்பான் முற்றிலும் நீங்கியதா என்று ஆய்வகம் கூறும்வரை அத்தோற்றத்தை நம்ப வேண்டியதில்லை.

முதலில் நிழல், பிறகு சக்கை

வெப்ப அயர்ச்சிக்கு முதல் மருந்து நிழலும் நீரும். உயர்கறவை மாடு கோடையில் நாளொன்றுக்கு 80 லிட்டருக்கும் மேல் நீர் அருந்தக்கூடும். அந்நீர் வெயிலில் காய்ந்து சூடேறியதாக இருத்தல் கூடாது. தகரக் கூரையின்மேல் தென்னங்கீற்றைப் பரப்பினாலே கொட்டிலின் வெம்மை தணியும். உண்ட சில மணி நேரத்தில் இரைப்பையின் நொதித்தலால் உடல்வெப்பம் உயர்வதால், தீவனத்தை வைகறையிலும் மாலைக்குப் பின்னும் இடுதல் நலம். இவற்றில் பெரும்பாலானவற்றிற்கு ஆய்வகமும் வேண்டா, ஆலையும் வேண்டா. இவற்றைச் செய்யாமல் சக்கையைத் தேடுவது, ஓட்டைப் பானையில் நீர் நிரப்புவதைப் போன்றதே. சக்கையைப் பற்றிப் பேசும் எவரும் இவ்வரிசையை மாற்றிச் சொல்வாரானால், அவர் எதையோ விற்க வந்தவர் என்று உழவர் ஐயுறுவதில் தவறில்லை.

மற்றொரு செய்தியும் இங்கே எண்ணத்தக்கது. நார் மிகுந்த தீவனம் செரிக்கும்போது உடலில் தோன்றும் வெப்பம் கூடுதல். மூலிகைச் சக்கையோ நார் மிகுந்தது. அளவறியாமல் கொடுத்தால், வெப்பத்தைத் தணிக்க வந்த பொருளே வெப்பத்தைக் கூட்டிவிடும். ஆகவே அது வைக்கோலின் இடத்தையோ அடர்தீவனத்தின் இடத்தையோ பிடிக்க இயலாது. சிறுபங்காகச் சேரும் துணைப்பொருள் என்ற அளவிலேயே அதற்கு இடம் உண்டு.

அவ்விடத்தை அதற்குத் தருவதற்குச் சில ஏற்பாடுகள் தேவை. சக்கை ஆலையிலேயே மூலிகை வாரியாகப் பிரிக்கப்பட வேண்டும். தனிச்சரக்காகக் காய்ச்சப்படும் தண்ணீர்விட்டான் கிழங்கு, அமுக்கரா, நெல்லி போன்றவற்றின் சக்கையைப் பிரித்துவைப்பது எளிது. ஒன்பது சரக்குகள் சேரும் நிலவேம்புக் குடிநீரின் சக்கையைப் பிரிக்க முடியாது. அத்தகைய கூட்டுச் சரக்குகளின் மிச்சம் எருக்குழிக்குச் செல்வதே சரி. நிலத்திற்கு எருவாவதும் இழிவான பயன் அன்று. பிரித்த சக்கையை வடித்த அன்றே உலர்த்த வேண்டும். அல்லது ஊறுகாய்ப்புல் செய்வதுபோலக் காற்றுப் புகாமல் அழுத்திப் புளிக்கவைக்க வேண்டும்.

தொடங்குவதற்குத் தமிழகத்தில் வாய்ப்பில்லாமல் இல்லை. அரசுத் துறையிலேயே டாம்ப்கால் என்னும் மூலிகை மருந்துக் கழகம் இருக்கிறது. தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம் 1989 முதல் இயங்குகிறது. நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரியில் தீவனத்தைப் பகுப்பாய்வு செய்யும் ஆய்வகம் உண்டு. மடிவீக்கத்திற்குச் சோற்றுக்கற்றாழை, மஞ்சள், சுண்ணாம்பு ஆகியவற்றை அரைத்துப் பூசும் மரபு மருத்துவத்தை ஆராய்ந்து, அளவு வகுத்து, நாடெங்கும் உழவரிடம் கொண்டுசென்ற முன்மாதிரியும் கண்முன் இருக்கிறது. அங்கே ஒரு கைப்பக்குவம் அளவும் முறையும் கொண்ட செய்முறையாயிற்று. சக்கைக்கும் அதே பாதை தேவை. குறுக்குவழி எதுவும் இல்லை.

செலவை யார் ஏற்பது என்பதில் ஐயத்திற்கே இடமிருத்தல் கூடாது. சக்கையை அகற்றும் செலவு ஆலைக்கு மிச்சமாகிறது. ஆகவே பிரித்தலும் உலர்த்தலும் சோதனையும் ஆலையின் பொறுப்பு. இலவசமாக எடுத்துச் செல்லுங்கள் என்று வாயிலைத் திறந்துவிடுவது கொடை போலத் தோன்றும். உண்மையில் அது ஆலையின் கழிவையும் அதன் இடரையும் ஒருங்கே உழவரின் தலையில் ஏற்றுவதாகும். மாடு நோயுற்றால் ஆலையிடம் கேட்க அவரிடம் ஒரு சீட்டும் இராது. ஆகவே மூட்டையின்மேல் எந்த மூலிகையின் சக்கை, எந்நாளில் உலர்த்தியது, நூறு கிலோ தீவனத்தில் எத்தனை கிலோ கலக்கலாம், எவ்வுயிர்க்கு ஆகாது என்பவை தமிழில் அச்சிடப்பட வேண்டும். தவிட்டின் விலையைவிட அது மிகுமானால் வாங்காமல் விடும் உரிமையும் உழவருக்கு உண்டு.

புதிய தீவனம் எதுவாயினும் இரைப்பையின் நுண்ணுயிர்கள் அதற்குப் பழக இரண்டு மூன்று வாரம் ஆகும். வெயில் ஏறி, மாடு உண்ண மறுத்தபின் புதிய சுவையைத் தொட்டியில் இட்டால் அது முகர்ந்துவிட்டு ஒதுங்கிவிடும். சோதனை முடிந்த சக்கை தை மாதத்திற்குள் மூட்டையில் ஏறினால், மாசியில் ஒரு கைப்பிடியில் தொடங்கிச் சிறிது சிறிதாகக் கூட்டி, பங்குனி முடிவதற்குள் மாட்டைப் பழக்கிவிடலாம்.